டார்ச்சை நான் போடவில்லை

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். கள்ளக்குறிச்சி அருகே ஒரு பள்ளிக்கு, பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து போயிருந்தேன். நான் இறங்கிய சற்று நேரத்தில் பஸ்கள் நின்றுவிட்டன. சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். டயர் எரியும் நாற்றம் ஆய்வகம் வரை வந்தது.

"காயத்தோட எவன் ஆப்ட்டாலும் போலீஸ் ஏத்திக்கினு போவுது சார். கூட நிக்கிறவனையும் வுடறதில்ல. நீங்க இன்னிக்கு வூடு போய்ச் சேந்தாப்லதான்" என்று சிரித்தார் ஆய்வக உதவியாளர்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய இருட்டறையில், சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி தாமதமாக ஒரு மாணவன் வாசலில் பகல் வெளிச்சத்தில் வந்து நின்றான். இடது கை முழுக்கக் கருநீலத் துண்டைச் சுற்றியிருந்தான்.

"இன்னாடா, மரம் வெட்டப் போயிருந்தியா?" என்றார் உதவியாளர்.

"இல்லண்ணா. ரிஷிவந்தியம் ரோட்டுல பஸ்சு மேல கல்லு வுட்டாங்க. எறங்கி நடந்தே வந்தேன். உள்ள வுடுங்க சார், ஒரு வருஷம் பூடும்."

விட்டேன். சோடியம் ஒளியின் அலைநீளத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அவனுக்கு வந்தது. துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் குனிந்தான். சட்டைக் கையில் பெரிய கறுப்புக் கறை. கருவியின் மீதும் கறுப்பாக ஏதோ சொட்டியிருந்தது. தொட்டேன். பிசுபிசுத்தது. எண்ணெய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோடியம் விளக்கு தருவது மஞ்சள் நிறம் ஒன்றைத்தான். அதில் சிவப்புப் பொருள் கறுப்பாகத் தெரியும். வருடந்தோறும் நான் நடத்திய பாடம் அது. எனக்குத் தெரியாமல் இல்லை.

மாணவன் எடுத்த ஓர் அளவையாவது டார்ச் அடித்துச் சரிபார்க்க வேண்டியது என் கடமை. டார்ச் என் சட்டைப் பையில் இருந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் அது என்னவென்று தெரிந்துவிடும். தெரிந்தால் போலீஸ், விசாரணை. சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

கால் மணி கழித்து ஸ்டூல் உருண்டது. அவன் தரையில் கிடந்தான். அப்போதுதான் டார்ச்சைப் போட்டேன். மேசை, நோட்டு, என் விரல்கள் எல்லாம் சிவப்பு. முழங்கைக்குக் கீழே கண்ணாடி கிழித்திருந்தது.

"இன்னும் ஒரு ரீடிங்தான் சார்" என்று முனகினான்.

உதவியாளர் துண்டால் கட்டி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போகவில்லை. வழியில் மறியல் செய்தவர்களே, "ஒதுங்குங்கடா, புள்ளைக்கு ரத்தம் போவுது" என்று அவனைத் தூக்கி மரத்தைத் தாண்டி விட்டார்களாம். போலீஸ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல்கள் கடைசி வரை மடங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

இன்று யார் சட்டையில் கறுப்புக் கறையைக் கண்டாலும், "அடி கிடி பட்டுச்சாங்க?" என்று கேட்டுவிடுகிறேன், பெரும்பாலும் அது மைக்கறைதான், ஆனாலும் கேட்காமல் கடந்துபோகிற உரிமையை அந்த இருட்டறையிலேயே நான் இழந்துவிட்டேன்.