ஆதரவற்றவர் என்று எழுதினேன்

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கூலி லயங்களில் சோதனை நடந்தால் போலீஸ்காரர்கள் குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. ஆளை நாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுவோம். செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்தான் முன்னால் வர வேண்டும் என்பது வழக்கம். பெயர் உள்ளவன் ஜெயிலுக்குப் போனால் துரை பெயரை அடித்துவிடுவார். அன்றைக்கே குடும்பம் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அதனால் கிழவர்களும் வேலைக்குப் போகாத பெண்களும் மற்றவர்கள் செய்ததைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். வந்ததும் கஞ்சி குடித்துவிட்டுப் பழையபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

ரப்பர் விலை விழுந்து கூலியைக் குறைத்த வருஷம், லயத்துக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் புதைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் சம்சு என்கிற கள்ளச்சாராயம் பிடிபட்டது. காய்ச்சியது என் அண்ணன். விற்றது அண்ணி. "என்னுதுங்க" என்று முன்னால் வந்தவர் எங்கள் அப்பா. கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கண் மங்கியதும் செக்ரோலில் இருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே இருக்கிறாய் என்று போலீஸ்காரர்கள் கேட்டதற்கு, அண்ணன் வீட்டைக் காட்டாமல், மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிளார்க். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தேன். கங்காணி ஜாமீன் சொல்லி அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். வழக்கு வியாழக்கிழமை. அண்ணி அவருக்குச் சம்சு காய்ச்சச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் கேட்டால் பதில் தெரிய வேண்டுமே.

"அரிசிய எத்தன நாளு ஊறப் போட்டீங்க மாமா?"

"ஒரு நாளு."

"ஒரு நாள்ல எங்க புளிக்கும்? ஒரு வாரம்னு சொல்லுங்க. வெல்லம்?"

"மறந்துபோச்சுன்னா, எம் மருமவளக் கேட்டுச் சொல்றேன் தொரேன்னு சொல்லிடவா?"

அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னை வெளியே அழைத்துப் போனான்.

"ஒரு பெட்டிசன் எழுதிக் குடு தம்பி. படிச்சவன் எழுதினா மனசு எறங்குவாங்க. மூணு மாசம் போடறத ஒரு மாசமா கொறச்சாப் போதும். அவரு ஒடம்பு தாங்காது."

"எழுதறேன்."

"மவன் இருக்கான்னு மட்டும் எழுதிடாத. எந்த மவன், எந்த வீடுன்னு தேடிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்துருவானுங்க."

அன்று மாலையே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை அடித்துத் திருத்தி, நல்ல தாளில் பிரதி எடுத்தேன். முதியவர், பார்வை குன்றியவர், உழைக்க இயலாதவர், உறவினர் எவருமில்லாத ஆதரவற்றவர். கடைசி வரி அழகாக அமைந்துவிட்டது. அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கோர்ட்டில் நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வெளியே வராந்தாத் தூணோரம் நின்றான். காய்ச்சும் விதத்தை அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் மனுவை மெதுவாகப் படித்தார், நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். பிறகு துபாஷியிடம் ஏதோ சொல்ல, அவர் தமிழில் கேட்டார்.

"பெரியவரே, உமக்குச் சொந்தம்னு இங்க யாராச்சும் உண்டா?"

அப்பா முகத்தை பெஞ்சுகளின் பக்கம் திருப்பினார். அந்தக் கண்ணுக்கு நான் தெரிந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கவில்லை.

"யாருமில்லீங்க," என்றார்.

மாஜிஸ்திரேட் பேசியது துபாஷி வாய் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவரை ஜெயிலில் அடைப்பது நியாயமாகாது; இந்த நாட்டில் கவனிக்க ஆளில்லாதவரைச் சொந்த நாட்டில் சேர்ப்பதே மனிதத்தன்மை. அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"ஜெயில் இல்ல பெரியவரே. அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்புறாங்க, எல்லாம் சர்க்கார் செலவு. கும்பிட்டுக்குங்க," என்றார் துபாஷி.

அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்:

"எந்த ஊருக்குங்க?"

மறுநாள், ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பும் லேபர் ஆபீஸ் படியில் இரண்டு தரம் ஏறினேன். நான்தான் மகன் என்று சொன்னால் மனு பொய்யாகும். அண்ணன் மாட்டுவான். பொய் மனு எழுதிய கிளார்க்கை ரயில்வேயிலும் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு தரமும் இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது வாசகசாலையில் குற்றம், போதை, ஏழைகளின் பராமரிப்பு பற்றி அறிஞர்கள் எழுதியதைத் தேடித்தேடிப் படிக்கிறேன். தண்டனைக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. உதவிக்கு வேறோர் அத்தியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இரண்டும் ஒரே தாளில் வந்தன. அந்தத் தாளையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜெயில் என்றால் மூன்று மாசம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தயவு காட்டினால் எத்தனை காலம் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் துறைமுகக் கொட்டகையில் அவரைப் பார்க்க விட்டார்கள். தெரிந்தவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன். புது வேட்டி கொடுத்திருந்தார்கள். மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். நான் கொண்டுபோன வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"உள்ள போட்டிருந்தா தீவாளிக்குள்ள வந்திருப்பேன்," என்றார்.

பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று தலையைத் திருப்பிக் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீ எழுதின இங்கிலீசு ரொம்ப நல்லா இருந்துச்சாம்டா. துபாஷி சொன்னாரு."