நடுவரின் ஆள்காட்டி விரல்

தஞ்சாவூரில் பத்து நாள் முகாமில் கபடி நடுவர் பயிற்சி முடித்து, சான்றிதழோடு ஊர் திரும்பியபோது எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. ஆட்டக்காரன் அவுட் என்றால் விசில் ஊத வேண்டும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் அவனைக் காட்டி, "அவுட், வெளியே போ" என்று சொல்ல வேண்டும். இதைக் கண்ணாடி முன் நின்று பழகிப் பழகி, வீட்டில் இருந்த ஆடுமாடு அத்தனையையும் நான் அவுட் ஆக்கியிருந்தேன்.

அந்த வருஷம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுப்புக்கூலித் தகராறு முற்றியிருந்தது. கழக ஆட்சியில் கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது என்றார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான் சட்டமும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நிலம் மிராசுதார் தெருவில் இருந்தது, அறுக்கிற கை எங்கள் தெருவில் இருந்தது. சமாதானக் கூட்டம் போட்டு ஒருவழியாகக் கூலியைப் பேசி முடித்த அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பொங்கலுக்கு ரெண்டு தெருவும் ஒரு கபடி ஆடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

சான்றிதழ் வைத்திருந்த நடுவர் நான் ஒருவன்தான். நம்ம பையன் என்று எங்கள் தெரு ஒப்புக்கொண்டது. நம்ம பண்ணையாள் மகன்தானே என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு தெருவும் என்னை ஒரே சமயத்தில் சொந்தம் கொண்டாடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முதலில் அவுட் ஆனவர் என் தாய்மாமன். விரல் அம்பாகப் பாய்ந்தது. "அவுட், வெளிய போ!" மாமா முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

அடுத்து மிராசுதார் மகனின் கால் கோட்டைத் தாண்டியது. என் வயதுக்காரன், திருச்சியில் கல்லூரியில் படித்தவன். விசில் ஊதினேன். கையை நீட்டினேன். நீட்டிய கை பாதி வழியில் மடங்கியது. விரல்கள் ஒன்றுசேர்ந்து உள்ளங்கை விரிந்தது. கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பந்திக்கு அழைக்கிற கை அது. போதாக்குறைக்கு இடது கை தானாக வாயைப் பொத்தப் போனது.

"அவுட்டுங்க... கொஞ்சம் வெளிய வாங்க."

"டேய்! அவருக்கு மட்டும் என்னடா பூரண கும்ப மரியாதை?" என்று மாமா கத்தினார். "எனக்கும் அதே கையக் காட்டு!"

எங்கள் தெரு சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நாற்காலியில் இருந்த ஒருவர், "பரவால்ல, பய மரியாதை தெரிஞ்சவன்" என்றார். அதைக் கேட்டுத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. கையே முறிந்து விழுந்தாலும் அடுத்த முறை விரல் நிமிர்ந்தே தீரும் என்று முடிவு கட்டினேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். இரண்டு பக்கமும் சமமான புள்ளி. மாமா பாடிப் போனார். மிராசுதார் மகன் அவருக்கு ஒதுங்கிப் பின்கோடு வரை போனான். விசில் ஊதினேன். முழங்கை மடங்கவில்லை. விரல் நேராக அவன் மூக்குக்கு எதிரே நின்றது.

"அவுட்! வெளிய போ!"

அவன் விரலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், வெளியே போய் உட்கார்ந்தான். எங்கள் தெருவில் துண்டுகள் பறந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கோட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பு கலையவே இல்லை. அவன் கால்தடம் ஒரு சாண் உள்ளே இருந்தது. நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அவன் காலைப் பார்க்கவில்லை.

மாமாவும் பார்த்துவிட்டார். "வாய மூடிக்கிட்டு இரு" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார்.

மாற்றினால் மறுபடி வளைந்துவிட்டான் என்பார்கள். மாற்றாவிட்டால் நான் நடுவனே இல்லை. தவறான தீர்ப்பை விலக்கிக்கொள்ளவும் ஒரு சைகை உண்டு. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்து விலக்கினேன்.

"தப்பு என்னோடது. அவுட் இல்ல. உள்ள வா."

"பாத்தியா, வளஞ்சிட்டான்!" என்று எங்கள் தெரு கொதித்தது. மிராசுதார் மகன் எழுந்து வந்தான். அந்தச் சைகை அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை ஒன்றுமில்லாததற்கு வெளியே போனவன், கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"உள்ள வரலாமா சார்?"

"வா" என்றேன்.

ஒரு புள்ளியில் நாங்கள் தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா என்னைத் திட்டித் தீர்த்தார். வாய்க்கால் மதகு வந்ததும் நின்றார்.

"எங்க, கோட்டுகிட்ட நின்னு மிராசுதார் மகன் உன்னக் கேட்டத இன்னொரு தடவ சொல்லிக் காட்டு."

சொன்னேன். மதகைத் தாண்டுவதற்குள் நாலு தடவை சொல்ல வைத்துவிட்டார்.