வெள்ளை மேசையில் ஒரு பொட்டு

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் துப்புரவு வேலை செய்த வீடுகளிலேயே தூசி தட்டச் சுலபமானது அந்தக் கிழவருடைய வீடுதான். சுவரில் படமில்லை, யன்னலுக்குப் பூத்திரை இல்லை. உருக்குக் கால்களில் நின்ற ஒரு வெள்ளை மேசை, ஒரு கறுப்புத் தோல் நாற்காலி, அவ்வளவுதான். சாமான் லொறி இன்னும் வந்து சேராத வீடு போல இருக்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நியூயோர்க் போய், பெரிய கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடங்களும் அவற்றுக்குள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மேசைகளும் வரைந்து கொடுத்தவர் அவர். அந்த மேசைகளுக்கு முதல் மாதிரி இதுதான். இதன்மேல் ஒரு கோப்பையைக்கூட வைக்க விடமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, முடியப் பத்து நாள்தான் இருந்தது. புதுப்பிக்க அவருடைய கையெழுத்தோடு வேலைக் கடிதம் வேண்டும். திங்கட்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டு மொண்டெல்லோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. வீட்டில் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனம் குங்குமத்தோடு வேலைக்குப் போனேன். இத்தனை காலம் உழைத்த மேசைக்கு ஒரு பொட்டில்லையே என்று மனம் இளகியது. புத்தி எங்கே போனதோ, நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன்.

போகும்முன் துடைத்தால் கறை போகவில்லை. சவர்க்காரம் போட்டால் சிவந்தது, எலுமிச்சை தேய்த்தால் மஞ்சளானது.

மனைவியிடம் சொன்னேன்.

"ஊரிலை ஒருநாளும் விளக்குக் கொளுத்தாத மனுசன், இஞ்சை வந்து மேசைக்குப் பொட்டு வைச்சிட்டு நிக்கிறார்! திங்கக்கிழமை என்னத்தைச் சொல்லப்போறியள்?"

"உள்ளதைச் சொல்லுறன்."

திங்கட்கிழமை கிழவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். தொழில் செய்யும் சாமான்களுக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்வது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் உளறிக்கொட்டினேன். கடிதம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நியூயோர்க்கில் ஒரு தட்டச்சுப் பெண் தன் மேசையில் தாயின் படத்தை வைத்திருந்தாள். வரிசை கெடுகிறதென்று நான்தான் எடுக்கச் சொன்னேன். கம்பெனி முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார். அவள் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்து, அடிக்கடி திறந்து பார்ப்பாள்," என்றார். பிறகு, "எத்தனை மேசை வரைந்தேன்! அதில் ஒன்றுக்காவது யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை," என்றார்.

கடிதத்தை அந்த மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாள் பொட்டை மறைத்தபோது கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். கதவுவரை வந்து இன்னும் ஒரு வார்த்தை சொன்னார். படியிறங்கும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மனைவி வாசலிலேயே நின்றாள். கடிதத்தைக் காட்டினேன். அதை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள்.

"மேசையைப் பாத்திட்டு என்ன சொன்னவர்?"

"அடுத்த வருசமும் வைக்கட்டாம்."