மல்லிகைப் பொட்டலம்

செய்தித்தாளில் மல்லிகையைச் சுருட்டி வைத்தால், கொஞ்ச நேரத்தில் அச்சு மையின் நெடியும் பூவின் மணமும் கலந்து, ஈரமாக, லேசாகத் தலை சுற்றவைக்கிற ஒரு வாசனை கிளம்பும். அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும், கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு என் அக்கா வசந்தியின் பற்கள் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பெருங்களத்தூரில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகும் வழியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். வாயை மூடுவது என்பதே அவளுக்குத் தனியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை. வீட்டில் நாங்கள் "எத்துப்பல்" என்ற சொல்லையே எடுக்க மாட்டோம், "பல்லு கொஞ்சம் தூக்கல்" என்று பதவிசாகச் சொல்லிக்கொள்வோம். தெருவுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பையன்கள், "இன்னா தேங்கா துருவி, இஸ்கூலுக்கா?" என்று தினமும் தவறாமல் விசாரிப்பார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பாள். அவமானப்பட்டது அவள்தான் என்றாலும், பத்தடி பின்தங்கி, யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி நடந்து வந்தவன் நான்.

அவளுக்குக் கணீரென்ற குரல். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது அவள்தான், பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட வாய் பிளந்து கேட்பார்கள். அந்த வருஷம் முன்வரிசையில் யாரோ ஒருத்தி மேல்பல்லால் கீழுதட்டைக் கடித்துக் காட்ட, வரிசையே சிரித்துவிட்டது. மறுநாளிலிருந்து தொண்டைக்கட்டு என்று சொல்லி வாசிக்க மறுத்துவிட்டாள். அப்பாவிடம் அவளாக வந்து, பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டதும் அப்போதுதான்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் சாலையில், ஒரு துணிக்கடையின் மாடியில் பல் ஆஸ்பத்திரி இருந்தது. பல் வரிசையைச் சரிசெய்கிற டாக்டர் ஒருவர் சனிக்கிழமைதோறும் நகரத்திலிருந்து அங்கே வருவார். நாங்கள் நான்கு பேரும், ஏதோ பொருட்காட்சிக்குக் கிளம்பியதுபோலக் குடும்பத்தோடு போனோம். டாக்டர் அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு, மாவுக்கட்டு மாவில் வார்த்த இரண்டு பல்வரிசைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் ஒரே பிள்ளையுடையவையாம், ஒன்று "கிளிப்" போடும் முன், மற்றது போட்ட பின். அக்கா இரண்டாவதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கேட்டு வாங்கித்தான் திரும்ப மேஜைமேல் வைக்க வேண்டியிருந்தது.

"நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போடணும். இப்பவே ஆரம்பிச்சா ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும். பெரியவளாயிட்டா கஷ்டம், நாளும் ஆகும்" என்றார் டாக்டர். பிறகு அம்மாவைப் பார்த்து, கடித்துத் தின்கிற பண்டம் எதுவும் கூடாது, முறுக்கு, கரும்பு, கமர்கட்டு எதையும் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்றார்.

படி இறங்கும்போதே அக்கா, "ரெண்டு வருஷம்தானேப்பா? நான் அழவே மாட்டேன்பா" என்றாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "நல்ல பல்லு நாலைப் புடுங்கிட்டுக் கோணப் பல்லை நேராக்கணுமாம், இது என்ன வைத்தியம்? மேல் பல்லுல கை வெச்சா கண்ணுல கொண்டுபோய் விடும்" என்று ரயிலில் உட்கார்ந்தும் புலம்பிக்கொண்டு வந்தாள். மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்பதை அந்தக் காலத்தில் படித்தவர்களே பாதி நம்பினார்கள். கடைசியில், "அப்படியே போட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு முறுக்கு, கமர்கட்டு எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. இவ பாத்து ஏங்கக் கூடாது. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்த ரயில் பயணத்தில் என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

அப்பா நல்லவர், ஆனால் ஒரு குடை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர். டாக்டர் சொன்னதையும் தட்ட முடியாமல், அம்மாவின் பயத்தையும் தள்ள முடியாமல் ஒரு வாரம் முழுக்கத் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில், "பூக்கட்டிப் பாத்துடலாம்" என்று அம்மா சொன்னதும் அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது முகத்திலேயே தெரிந்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி படத்துக்கு முன்னால் இரண்டையும் குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் விவரம் தெரியாத பிள்ளை என்று நம்பப்பட்டவன் நான்.

வழக்கமாக வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்கு அரளியும் வைப்பார்கள். இரண்டிலும் சொல்லும்படியாக வாசனை இருக்காது. அன்றைக்கென்று பார்த்து நந்தியாவட்டைச் செடியில் ஒரு பூகூட இல்லை. அம்மா, சாமிக்கு வாங்கிய சரத்திலிருந்து நாலு மல்லிகையை உருவிச் செய்தித்தாளில் மடித்து வைத்துவிட்டாள். என் கண்ணை மூடச் சொன்னார்கள், மூக்கை மூடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. குனிந்ததுமே வெள்ளை எது என்று தெரிந்துவிட்டது. கை தானாக அதன்மேல்தான் போனது, காகிதத்தின் ஈரம்கூட விரலில் பட்டது. எனக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது கேட்டது. நான் கையை நகர்த்தி, மற்றதை எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் நகர்த்தினேன் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கமர்கட்டுக்காக. இரண்டு வருஷம் கமர்கட்டு இல்லாமல் இருக்க வேண்டுமே என்பதற்காக.

பொட்டலத்தைப் பிரித்து அரளியைப் பார்த்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியே வேணாம்னு சொல்லிடுச்சு" என்று அப்பா நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் அப்பா, அவளைச் சமாதானம் செய்வதற்காகவோ என்னவோ, நிலையத்துப் பெட்டிக்கடையிலிருந்து கமர்கட்டு வாங்கிவந்தார். அக்கா தன் பங்கு முழுவதையும் என் கையில் வைத்து, "நீயே தின்னுடா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். அதிர்ஷ்டம் என்று நினைத்து, ஒன்றுவிடாமல் தின்றேன்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவள் இன்னொரு முறை கேட்டாள். "அப்பவே பூக்கட்டிப் பாத்தாச்சேம்மா" என்றார் அப்பா. எட்டு வயதில் நான் நீட்டிய விரல் பதினெட்டு வயதிலும் அவள் வாயை அடைத்தது. அவள் மேடைப் பக்கமே போகவில்லை. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில், ஆள் வந்து பேசாத பின்னறையில் டைப் அடிக்கும் வேலைக்குப் போனாள். அவளுடைய கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், கல்யாணப் பெண்ணைத் தவிர.

இப்போது அக்கா மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறாள். பெருங்களத்தூர் வீட்டை இடித்துவிட்டார்கள், சைக்கிள் கடையும் பெட்டிக்கடையும் போய்விட்டன, கமர்கட்டை என் பிள்ளைகளுக்குப் படம் வரைந்துதான் காட்ட வேண்டும். போன மாதம் அக்காவின் மகளுக்குக் கிளிப் போட நான்தான் காரில் அழைத்துப்போனேன். டாக்டர் பேசி முடிப்பதற்குள், "போட்டுடுங்க டாக்டர்" என்றாள் அக்கா. பூவும் இல்லை, பொட்டலமும் இல்லை.

வெளியே காத்திருக்கும்போது, "உனக்கு ஞாபகம் இருக்காடா, அன்னிக்குப் பூக்கட்டிப் பாத்தது?" என்றாள். நான் கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மல்லி வாசனை எனக்கும்தான் வந்துச்சு. உன் கை மொதல்ல அது மேலதான் போச்சு, அப்புறம் நகந்துச்சு. நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன். என் கண்ணு போயிடும்னு அம்மா சொன்னதைக் கேட்டுப் பயந்துட்டல்ல? எட்டு வயசுல எம்மேல இவ்ளோ பாசமான்னு நினைச்சுக்குவேன். அதனாலதான்டா எனக்கு உன்மேல ஒருநாளும் கோபமே வந்ததில்ல."

அந்தச் சாயங்காலம் அவள் பங்குக் கமர்கட்டு ஏன் என் கைக்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா சிரித்தாள், வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு.