நாலு விரல் மடிப்பு

ஒரு விடுகதை: உடுப்புக்குள் ஒளிந்திருக்கும், பிள்ளை உயர உயரக் கீழே இறங்கி வரும், அது என்ன? என்னைப்போலத் தையல் மெஷின் மிதித்து முழங்கால் தேய்ந்த உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். அடிமடிப்பு. பிள்ளைகளின் உடுப்பில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைப்போம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் அதே உடுப்புப் போதும்.

மணலுக்குள் மெஷின்

தேற்றாத்தீவில் இருந்த என் கடையைச் சுனாமி கொண்டுபோனது. வாவிக்கு அப்பால் படுவான்கரையை அப்போது ஆண்ட இயக்கத் தளபதி தானே வந்து மணலைத் தோண்டினார். மெஷினைத் தோளில் சுமந்து, தோணியில் வாவியைக் கடத்தி, கொக்கட்டிச்சோலையில் எனக்கு ஒரு கடையும் தந்தார். அவரை எதிர்த்துப் பேசிய லொறிக்காரரின் உடல் கரையொதுங்கியது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் குந்தியிருந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டபோது கண் கலங்கிவிட்டது.

"இனி எங்களுக்குத்தான் தைப்பீங்க, என்ன அண்ண?" என்றார்.

சின்ன இடுப்புகள்

இயக்கத்துக்குச் சீருடை தைக்க எதிர்க் கடைத் தையல்காரரையும் கேட்டார்கள். அவர் கண் மங்கல் என்று சொல்லி, ஒரு களிசானின் இரண்டு காலையும் கோணலாகத் தைத்துக் காட்டித் தப்பினார். நான் நேராகத் தைத்தேன். வந்த அளவுகள் சின்னதாக இருந்தன. கை பழக்கத்தில் மடிப்பு விட்டது. தளபதி அதைப் பிரித்துப் பார்த்து, என் தோளில் கைபோட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மடிப்பை வெட்டினேன்.

"துணி வீண்தானே அண்ண? இதுக்குள்ள இவங்க வளரவா போறாங்க?" என்றிருந்தார்.

இடது தோள்

ஒரு அளவுச் சீட்டில் இடது தோள் அரை அங்குலம் தாழ்வு என்றிருந்தது. அந்தத் தோளுக்கு நான் ஐந்து வருடம் பள்ளிக்கூடக் கவுன் தைத்திருக்கிறேன். பதின்மூன்று வயது மலர். அன்றைக்கே அவளுடைய தாய் வந்தாள். பிள்ளையை இயக்கம் பிடித்துப்போய் ஒரு கிழமை, எங்கேயும் கண்டீர்களா என்று கேட்டாள். மலரின் களிசான் மேசையில் கிடந்தது. அதன்மேல் வேறு துணியைப் போட்டுவிட்டு, இல்லை என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லாம இருப்பீங்களா அண்ண?" என்றாள்.

வெள்ளைத் துணி

ஆமி வாவியைக் கடந்து வந்ததும் தளபதி ஓடிப்போனார். மலர் வீடு திரும்பினாள், ஒரு சாண் வளர்ந்து. தாயோடு கடைக்கு வந்தபோது, கவுனுக்கு வெள்ளைத் துணி எடுத்து நீட்டினேன், என் கணக்கில்.

"அங்க போட்டது உங்கட தையல்தான் மாமா, பார்த்ததும் தெரிஞ்சிட்டு. ஆறு மாசத்தில கட்டையாப் போச்சு. மடிப்பத் தேடினன், இல்ல."

மலர் துணியை வாங்கிக்கொண்டு போய், கோணலாகத் தைக்கும் எதிர்க் கடைக்காரரிடம் கொடுத்தாள்.