பென்சில் டப்பாவில் இரண்டு ரத்தக் குப்பிகள்: ஆனேக்கல் முதல் விவேக் நகர் வரை

ஆனேக்கல்லிலிருந்து பெங்களூருக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2007 மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை, ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அந்த வழியில் போனேன். அதே வேலையாக அலைகிறவர்கள் யாராவது இருந்தால், நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழந்தை என் தங்கை செல்வியின் மகள். பெயர் யாழினி. பிரசவத்துக்கு ஆனேக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் செல்வி. தொப்புள்கொடி விழுந்ததும் அதை வைத்துக் கட்ட, தாய்மாமன் முறைக்கு நான் வெள்ளித் தாயத்து வாங்கித் தயாராக வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து நாளில் விழ வேண்டியது, ஆறு வாரமாகியும் விழவில்லை. தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியது, காய்ச்சலும் வந்தது. சீழ் மட்டும் இல்லை. "சீழ் வெக்கல, அதுவரைக்கும் நல்லதுதான்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னோம். அவர் முகம் மாறியதே அதைக் கேட்டுத்தான்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏகத்துக்கு இருக்கின்றன, புண்ணில் ஒன்றுகூட வந்து சேரவில்லை போலிருக்கிறது, விவேக் நகரில் ஒரு லேபில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். குழந்தையை அசைக்க முடியாது, ரத்தம் போனால் போதும். கையில் மூன்று இடத்தில் குத்தித்தான் நரம்பு கிடைத்தது.

நான் ஓசூரில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சூடு ஏறிய பால் வந்தால் டேங்கரையே திருப்பி அனுப்புகிறவன். மருமகளின் ரத்தத்தைச் சும்மா விடுவேனா? ஐஸ் பெட்டி, தெர்மாமீட்டர், எல்லாம் நிலையத்திலிருந்து கொண்டுவந்தேன். லேபில் போய்ப் பெருமையாகத் திறந்து காட்டினேன். அங்கே பரிசோதனை செய்கிறவர் ஸ்டெல்லா மேடம், அந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். குப்பியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"யாரு சார் ஐஸ் வெச்சது?"

"நான்தான் மேடம். கரெக்டா நாலு டிகிரி."

"ஐயோ, இது என்ன பாலா? இந்த டெஸ்டுக்கு ஐஸே ஆகாது சார். குளிர்ல அணுங்க மேல இருக்கறதெல்லாம் மாறிப்போயிடும். நான் பாக்க வேண்டியதே அதைத்தான்."

திரும்பி வந்து சொன்னபோது செல்வி குழந்தையின் கையைத் துணியால் மூடிக்கொண்டாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் தடவை ஸ்டெல்லா மேடம் சொன்னபடியே செய்தேன். அறையில் இருக்கிற சூடு போதும், வெயில் படக் கூடாது, குலுக்கக் கூடாது, பத்தரைக்குள் வந்துவிட வேண்டும். கூடவே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் இன்னொரு குப்பியில் அதே வழியில் வர வேண்டும். பயணத்தில் ஏதாவது கெட்டால் இரண்டிலும் தெரிந்துவிடும் அல்லவா? நான் கையை நீட்டினேன். என் மகளின் பென்சில் டப்பாவில் பஞ்சு வைத்து, இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

ஆனேக்கல்லில் 7.10க்கு சிவாஜிநகர் பஸ். டிக்கெட் 17 ரூபாய், ஜன்னலோர சீட். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது, கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். பையை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடினேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. டப்பாவுக்குள் அவள் ரத்தமும் என் ரத்தமும் இன்னும் உயிரோடுதான் கிடக்கின்றன, பஸ்ஸின் அசைவில் அவையும் மெல்ல அசைகின்றன என்று தோன்றியது. யூகலிப்டஸ் தோப்பு, செங்கல் சூளை, கட்டி முடிக்காத மாடிகள் எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்து மறைந்தன. அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பயம் என்பதே இல்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விவேக் நகருக்குக் கிட்டே, ஆடுகோடியில் இறங்கி நடப்பதாகத் திட்டம். அதற்குள் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. அங்கே பஸ் முழுசாக நிற்கவும் இல்லை, உருண்டுகொண்டே இருந்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் வாசலுக்குப் போக முடியும். என் இரண்டு கையும் பையில்.

"பேக இளீரி, பேக! கம்பியப் புடிச்சிக்கினு வா சார்!" என்று சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கத்தினார் கண்டக்டர். பையை விட மனசில்லை. ஸ்டாப் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பும் அதே கதைதான். ஒரு வழியாக சிவாஜிநகரில் எல்லோரோடும் இறங்கியபோது மணி 9.20. ஆட்டோ பிடித்தேன், மீட்டரில் 38 ரூபாய். "குலுக்காம போங்க பாய், பையில ரத்தம் இருக்கு" என்றேன். அந்த பாய் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், அப்புறம் ஒரு பள்ளம் விடாமல் ஒதுக்கி ஓட்டினார். 9.50க்கு லேபில் இருந்தேன்.

பஸ்ஸில் இறங்க முடியாமல் போன கதையைச் சொன்னதும் ஸ்டெல்லா மேடம் சிரித்துவிட்டார்.

"அதேதான் சார் உங்க பாப்பா கதையும். எங்கனா கிருமி பூந்துச்சுன்னா, அந்த எடத்துல ரத்தக் குழாய் உள்சுவர்ல கைப்பிடி மாதிரி மொளைக்கும். வேகமா ஓடற வெள்ளை அணு அதுல பட்டுப் பட்டு உருண்டு ஸ்லோ ஆகும். அப்புறம் தன் கைய நீட்டி கெட்டியா புடிச்சிக்கும். நின்னாத்தானே சுவர்ச் சந்துல பூந்து புண்ணுக்குப் போக முடியும்? அங்க சண்ட போட்டு செத்தா, அதான் சீழு."

"பாப்பாவுக்கு?"

"அணுவுக்குக் கை இல்லையோன்னு டாக்டருக்கு சந்தேகம். பஸ் நிறைய ஜனம், எறங்கத்தான் முடியல."

கை அறவே இல்லையென்றால் வேறொருவரின் எலும்பு மஜ்ஜை கிடைக்காமல் குழந்தை தங்குவது கஷ்டம் என்றும் மறைக்காமல் சொன்னார். மூன்றரைக்குக் கூப்பிட்டார். அதுவரை குழந்தை ஏசு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவத்தி வாசனையில் யார் யாரோ யார் யாருக்காகவோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் வேண்டினேன், எந்தச் சாமியிடம் என்று யோசிக்கவில்லை.

திரையில் ஒரு கோடு. வலது பக்கம் ஒரு மேடு, அது என் ரத்தம். கை இல்லாவிட்டால் மேடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். யாழினியின் மேடு இரண்டுக்கும் நடுவே, இடப்பக்கம் சாய்ந்து, சின்னதாக நின்றது.

"இருக்கு சார். கம்மிதான். ஆனா இருக்கு."

அங்கேயே நின்று அழுதேன். வெளியே வந்து போன் போட்டேன். "செல்வி, கை இருக்குடி. கொஞ்சம்தான் இருக்கு, ஆனா இருக்கு." "ண்ணா, நீ காலையில இருந்து சாப்டியா?" என்று கேட்டாள்.

போகிறவர்களுக்கு: ஐஸ் வேண்டுமா வேண்டாமா என்று லேபில் முதல் நாளே கேளுங்கள், உங்கள் தொழில் புத்தியை நம்பாதீர்கள். ஆடுகோடியில் இறங்க வேண்டுமானால் ஒரு ஸ்டாப் முன்பே எழுந்துவிடுங்கள், பையைத் தோளில் மாட்டி ஒரு கையைக் கம்பிக்கு விடுங்கள். குழந்தையின் தொப்புள்கொடி மாதம் தாண்டியும் விழாவிட்டால் தாயத்தோடு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

யாழினிக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. தினமும் மருந்து, அடிக்கடி ஆஸ்பத்திரி. போன மாதம் சிமெண்டுத் தரையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வேலையில் இருந்தபோது செல்வி போன் செய்தாள். "ண்ணா, ஒரு சொட்டுண்ணா. வெள்ளையா." டாக்டரம்மாவிடம் காட்டி மருந்து மாற்றிக்கொண்டு, வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா கையில் வாங்கிக்கொண்டு என்ன விசேஷம் என்று கேட்டார்.

"பாப்பாவுக்கு முட்டியில சீழ் வெச்சிருக்குங்க" என்றாள் செல்வி.