பத்தொன்பது பேர் ஆணி வைத்த வால்

என் தங்கை ரஞ்சினியின் கணவன் கேதீஸ்வரனுக்குக் காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தப் பழக்கியவன் நான்தான். மூன்று முறை பரீட்சையில் தவறினான். மூன்றாவது முறை யாரோ ஒருவருடைய குப்பைத் தொட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தான். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறேன். ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதத்தை வைத்தே அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் இந்த மனிதன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "மச்சான், நான் ஒரு பிளேன் செய்யப் போறன்" என்று சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, புரைக்கேறியது.

கேதீஸ்வரன் லிட்கத்தில் ஏசி பூட்டும் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறான். கூரைக்குள்ளே காற்று போகிற தகரக் குழாய்களை அளந்து வெட்டி, மடித்துப் பொருத்துவது அவன் வேலை. ஊரார் வீட்டு வேலை என்றால் மயிரிழை பிசகாமல் முடிப்பான். தன் வீட்டு வேலை என்றால் அரைவாசியில் நிற்கும். குவேக்கர்ஸ் ஹில்லில் அவன் வீட்டுப் பின்வளவில் பாண் சுடுவதற்கென்று கட்டத் தொடங்கிய செங்கல் அடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் இன்றுவரை ஒரு பாண் வேகவில்லை. நீல நாக்குப் பல்லி ஒன்று குடும்பமாக இருக்கிறது. பக்கத்தில் கூரையில்லாத பந்தல் ஒன்றும் நாலு தூணோடு நிற்கிறது.

உண்மையைச் சொன்னால், ஒரு காரியத்தை அவன் முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்டன் பக்கம் போய்ச் சின்ன விமானம் ஓட்டப் பழகி, அதற்கு ஓர் அட்டையும் வாங்கி வைத்திருந்தான். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகள் நீச்சல் பழகி முடித்தால் கொடுக்கிற தாளைப் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டோம்.

பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. திறந்து பார்த்தால் அலுமினியத் தகடுகளும் ஆயிரக்கணக்கில் ஆணிகளும். இறக்கை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"செட்டை எங்கை?" என்று கேட்டேன்.

"அது பிறகு வரும் மச்சான். முதல்லை வால்தான் செய்யிறது. எல்லாரும் அப்பிடித்தான் தொடங்குறவை."

மாடு வாங்கப் போய் வாலை மட்டும் வாங்கி வந்தவனை அன்றுதான் பார்த்தேன். அதை அவனிடமே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு, "நீங்கள் ஒருத்தராவது இது பறக்குமெண்டு நம்போணும் மச்சான். ரஞ்சி நம்பேல்லை. ஆரும் நம்பேல்லை. செய்யிறதை விட அதுதான் கஷ்டமாக் கிடக்கு" என்றான். நான் குப்பைத் தொட்டியை ஞாபகப்படுத்தினேன்.

அவனுக்கு அடுத்த தடை கராஜ். எங்கள் ஆட்களுடைய கராஜில் கார் நிற்பதை யாராவது கண்டிருக்கிறீர்களா? கார் றோட்டில் வெயில் காயும். உள்ளே மீன் பொரிக்கிற இரண்டாவது குசினி, அரிசி மூட்டை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் அறுபது பிளாஸ்டிக் கதிரை, கலியாணச் சோறு காய்ச்ச ஊருக்கெல்லாம் இரவல் போகிற பெரிய கிடாரம். ரஞ்சினி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்து நேர்ஸ். டொக்டர்களையே கை கழுவித் திரும்பி வரச் சொல்கிறவள். அவள் கராஜில் பாதியை விட்டுக் கொடுத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒளிச்சு மறைச்சுச் செய்யிற வேலை எனக்குச் சரிவராது. வீட்டுக்கு நாட்கல் வைக்கேக்க எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கல்லு வைக்கிறம்தானே? இதுக்கும் நல்ல நேரம் பார்த்து, சொந்தக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு ஆணி வைக்கட்டும். ஆசீர்வாதமாக் கிடக்கும்."

அவன் மறுத்திருக்க வேண்டும். அந்த ஆணிகள் சுவரில் படம் கொழுவுகிற சாதாரண ஆணிகள் இல்லை. ரிவெற் என்று சொல்கிற, தலையுள்ள சின்ன அலுமினியக் கட்டைகள். தகட்டு ஓட்டையில் போட்டு, பெரிய பாக்குவெட்டி மாதிரியான ஒரு கருவியால் நேராகப் பிடித்து அமத்தினால், மறுபக்கம் வட்டமாகச் சப்பையாகித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். கருவி கொஞ்சம் சரிந்தால் ஆணியும் சரிந்து படுத்துவிடும். இதெல்லாம் கேதீஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன்னுடைய பிளேனைப் பார்க்க இத்தனை பேர் வீடு தேடி வரப்போகிறார்கள் என்ற சந்தோசப் புளுகத்தில் தலையாட்டிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நல்ல நேரம். ரஞ்சினியோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் கூடினார்கள். வாலின் நிமிர்ந்த பகுதி, ஆள் உயரத்துக்குக் குறைந்த ஒரு துண்டு, மேசையில் கிடந்தது. ரஞ்சினி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தாள். பிறகு கேதீஸ்வரன் ஒவ்வொருவருக்கும் கருவியைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அமத்தினார்கள். எங்கள் ஒன்றுவிட்ட அக்கா சத்தியபாமா, கையில் பலமில்லை என்று, வயிற்றையும் சேர்த்து வைத்து அமத்தினா. ரஞ்சினி அடுப்பில் வடை கருகுகிறது என்று ஓடி வந்து, ஒரு அமத்து அமத்திவிட்டுத் திரும்பி ஓடினாள்.

என் முறை வந்தது. ஓட்டப் பழக்குகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒற்றைக் கையால் பிடித்தேன். அமத்தும்போது ஆணி வழுக்கி ஒரு பக்கமாகப் படுத்ததை என் கண்ணால் பார்த்தேன். கேதீஸ்வரன் அடுத்த ஆளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான். பெருவிரலால் அதை மூடியபடி, "சோக்கா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வடை எடுக்கப் போனேன்.

மூன்று நாள் கழித்துக் கோபாலகிருஷ்ணன் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். விமானங்களைத் திருத்துகிற வேலையில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கேதீஸ்வரனுடைய வேலையைப் பார்த்துச் சொல்ல ஒத்துக்கொண்ட மனிதர். நடந்ததை ரஞ்சினி எனக்குப் போனில் சொன்னாள். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பேனையால் ஒவ்வொரு ஆணியாக வட்டம் போட்டாராம். பதினாறு வட்டம்.

"யாருங்க இதெல்லாம் அடிச்சது?"

"சொந்தக்காரர், சார். ஆசீர்வாதத்துக்கு."

"நாலாயிரம் அடியில வால் ஆடுச்சுன்னா ஆசீர்வாதம் வந்து பிடிச்சுக்குமா கேதீஸ்வரன்? பதினாறையும் வெளிய எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க, நான் வர்றேன்."

ரஞ்சினி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நல்ல காரியத்தில் பெரியவர்கள் வைத்ததைப் பிடுங்கி எறிவதா? சத்தியபாமா அக்கா அறிந்தால் வாசற்படி மிதிப்பாவா? அவளுக்குப் பயம் ஊர் வாய்க்கு. கேதீஸ்வரன் சண்டை பிடிக்கவில்லை. வாலை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டு, ரீவிக்கு முன்னால் போய் இருந்துவிட்டானாம். இரண்டு கிழமையாகக் கராஜ் பக்கமே போகவில்லை. "அடுப்பு மாதிரித்தான் அண்ணா, இதுவும் முடிஞ்சுது" என்றாள் ரஞ்சினி. நிம்மதியாகச் சொன்னாளா கவலையாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் பேச்சை மாற்றி, போனை வைத்துவிட்டேன். பதினாறில் ஒன்று என்னுடையது என்று எனக்கு மட்டும் தெரியும். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அது வேறொன்றாக மாறியது. ஒருநாள் ஒரு பெட்டைப்பிள்ளைக்கு ரவுண்டபவுட்டில் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் போனது. என் பக்கத்துப் பிரேக்கை என்னை அறியாமலே ஏறி மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். "அங்கிள், வட் டிட் ஐ டூ?" என்று அந்தப் பிள்ளை அழுகிற மாதிரிக் கேட்டது. அது ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் நான். என் ஆணி கழன்று, வால் கழன்று, கேதீஸ்வரன் தலைகீழாக விழுவதை நான் அந்த ரவுண்டபவுட்டில் இருந்தபடியே கண்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை நேராக அவன் வீட்டுக்குப் போனேன். கராஜ் கதவு திறந்திருந்தது. சத்தியபாமா அக்கா ஏற்கெனவே அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. கேதீஸ்வரனும் ரஞ்சினியும் குற்றவாளிகள் போல நின்றார்கள். சரி, விசயம் வெளியே வந்துவிட்டது, அக்கா சண்டைக்கு வந்திருக்கிறா என்று நினைத்தேன்.

"தம்பி," என்றா அக்கா கேதீஸ்வரனிடம், "குறை நினையாதை. நான் வைச்ச ஆணியைக் கழட்டிப்போடு. வயித்தாலை அமத்தினனான், அது கோணலாப் போட்டுது. உனக்கு ஒண்டு நடந்தா அது என்ரை ஆணியாலைதான் எண்டு நான் ஆயுசுக்கும் நினைச்சுக்கொண்டிருக்கேலாது."

நானும் சொன்னேன். பெருவிரலால் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். கேதீஸ்வரன் வாயைத் திறக்க முன்னம் ரஞ்சினியின் போன் அடித்தது. எங்கள் மாமா மகன் விக்னராஜா. சுற்றி வளைத்துச் சுகம் விசாரித்துவிட்டு, தன்னுடைய ஆணி கொஞ்சம் சரியில்லைப் போலக் கிடக்கு, மற்ற ஆட்களுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாமோ என்று கேட்டான். அவனுக்கு முன்னமே இரண்டு பேர் அதே கதையோடு போன் எடுத்திருந்தார்களாம். ஒவ்வொருவரும், தன்னுடையது மட்டுந்தான் பிழை, மற்றவர்களுடையது எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரஞ்சினி போனை வைத்தாள். வாலை மூடியிருந்த விரிப்பை அவளே இழுத்து எடுத்தாள். வட்டம் போட்டிருந்த ஓர் ஆணியில் விரலை வைத்தாள்.

"இது என்ரை. என்ரையையும் எடுங்கோ." விரலை எடுக்காமலே சொன்னாள். "எங்கை பறக்கப் போகுது எண்டுதான் நான் ஏனோதானோ எண்டு அமத்திப்போட்டு ஓடினனான். ஒப்பரேசன் தியேட்டரிலை ஒரு பஞ்சு குறைஞ்சாலும் ஒருத்தரையும் வெளியிலை விடமாட்டன். என்ரை மனிசன் ஏறப்போற சாமானிலை வடையைப் பார்த்துக்கொண்டு ஆணி வைச்சிருக்கிறன்."

கேதீஸ்வரன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் கோணியது, பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. என் தங்கையைக் கலியாணம் கட்டிய அன்றுகூட அந்த முகத்தை நான் காணவில்லை.

"அப்ப எல்லாரும் இது பறக்குமெண்டு நினைக்கிறியள்?"

அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினா. ரஞ்சினி மூக்கைத் துடைத்தாள். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொன்னேன்.

"பறக்குமெண்டபடியாத்தானே மச்சான் இப்பிடிப் பயமாக் கிடக்கு."

அவன் டிரில்லை எடுத்து, நுனியில் மெல்லிய அலகைப் பூட்டி, சத்தியபாமா அக்காவின் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கத் தொடங்கினான்.